ஹெப்பகோடிக்கு ஒரு தாம்பூலத் தட்டு

பெங்களூருக்கு நான் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் தங்கை தேவகியை அவள் குடியிருக்கும் சந்திலிருந்து கிளப்பி, அவள் மகன் பிரபுவின் வீட்டில் கொண்டு சேர்க்க. கிளப்பச் சொன்னவன் பிரபுவேதான். அவள் வர மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று போனில் கேட்டேன். "அதுக்குத்தான் பெரிம்மா பந்தயம் கட்டியிருக்கேன். நீங்க வந்து அம்பயரா நில்லுங்க, போதும்" என்றான். குடியாத்தத்தில் முப்பது வருடம் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள் நான். பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்ப்பதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. நல்ல பெயர் என்று சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பிரபுவின் வீட்டில் போய் இறங்கினேன். ஊர் எல்லையில், ஹெப்பகோடியில் ஒன்பதாவது மாடி. அவன் மனைவி ஆபீஸ் வேலையாகப் புனே போயிருந்தாள். பால்கனியில் நின்றால் எதிரே இன்னொரு ஒன்பதாவது மாடி தெரிந்தது. அங்கே ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையசைத்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வழிக்குக் கட்டிக்கொண்டு போன புளியோதரையில் பாதி மிச்சமிருந்தது. இருவரும் அதையே சாப்பிட்டோம். வாழை இலையைச் சுருட்டி அடுப்படியில் இருந்த வாளியில் போட்டேன். பிரபு ஓடிவந்தான். இலைக்கு ஒரு வாளியாம், இலையைக் கட்டிய நூலுக்கு இன்னொரு வாளியாம். என் சந்தேகங்களைத் தீர்த்து வைத்துவிட்டு ஒரு பச்சைப் பையைக் கட்டினான். ஃபிரிட்ஜின் கைப்பிடியில் நூலில் கட்டித் தொங்கிய சிவப்பு மார்க்கரை எடுத்துப் பையின் மேல் 'சி 904' என்று எழுதினான்.

"வீட்டு நம்பர் எழுதலைன்னா குப்பையை எடுக்க மாட்டாங்க பெரிம்மா. தப்பாப் பிரிச்சிருந்தா யார் வீட்டுதுன்னு தெரியணும் இல்ல?"

இதைச் சொல்லும்போதே அவனுக்குப் போன் வந்தது. போனில் பேசிக்கொண்டே, பையைப் பார்க்காமலே, அடுத்த பையிலும் எழுதினான். குடியாத்தத்தில் நாங்கள் குப்பையை ஆற்றில் போடுவோம். ஆறு யார் வீட்டுக் குப்பை என்று கேட்பதில்லை.

பந்தயத்தை அப்புறம் விளக்கினான். சிட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் பஞ்சுச் சந்து என்று ஒன்று. தேவகி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேதான். கீழே ஜாக்கெட் தைக்கும் கடை, மேலே வீடு. புருஷன் போன பிறகும் நகரவில்லை. போன வருடம் அந்தச் சந்தின் இருட்டில் எவனோ அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு தள்ளிவிட்டதில் மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டோடு ஒரு மாதம் இங்கே இருந்தாள். கட்டுப் பிரித்த அன்றே பஸ் ஏறிவிட்டாள். போனவள் சும்மா இருக்காமல், தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு தெருவைத் திருத்த இறங்கிவிட்டாள்.

"சந்து முனையில ஒரு குப்பைமேடு. ஊர்ல போற வர்றவன் எல்லாம் வண்டியை நிறுத்தாமலே வீசிட்டுப் போவான். அந்த மூலை முப்பது நாள் சுத்தமா இருந்தா நான் இனிமே வாயே திறக்க மாட்டேன்னு சொன்னேன். ஒரு நாள் தவறினாலும் அம்மா இங்க வந்துடணும்."

"பை விழுந்தா?"

"விழுந்தா, விளக்கு வெக்கிறதுக்குள்ள போட்டவங்க கையிலயே திருப்பிக் குடுத்துடணும். கார்ப்பரேஷன் வண்டியில ஏத்திட்டா தோத்த மாதிரிதான். இது நான் வெச்ச ரூல் இல்ல பெரிம்மா, அம்மாவே வெச்சது."

இருபத்தேழு நாள் முடிந்திருந்தது. பிரபுவின் முகத்தில் பரீட்சைக்குப் படிக்காத பையனின் களை இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மார்க்கெட் முனையில் காரை நிறுத்தி என்னை இறக்கிவிட்டான். கார் அதற்கு மேல் போகாது. தலையில் மூட்டையோடு ஆட்கள் எதிரும் புதிருமாக வந்தார்கள். ஒதுங்கச் சொல்லி அவர்கள் கத்துவது எந்த மொழி என்று புரிவதற்குள் மூட்டை தோளில் இடித்துவிடுகிறது. இரண்டு முறை இடி வாங்கிய பிறகு எனக்குக் கன்னடம் நன்றாகவே புரிந்தது.

பஞ்சுச் சந்தில் ஒருகாலத்தில் வரிசையாக மெத்தைக் கடைகள் இருந்தனவாம். இப்போது பெரும்பாலும் குடோன்கள். சொந்தக்காரர்கள் எங்கெங்கோ போய்விட, ஆறு மணிக்கு ஷட்டர்கள் இறங்கிவிடும். அதற்குப் பிறகு குடோன் படிகளெல்லாம் மெயின் ரோடு மதுக்கடையிலிருந்து வருகிறவர்களுக்குச் சொந்தம். சந்தில் மிச்சமிருந்தவை பன்னிரண்டு குடித்தனங்கள்தான்.

தேவகி தையல் மெஷினிலிருந்து எழாமலே வரவேற்றாள். "வாக்கா. உன்னையும் அனுப்பிட்டானா? உக்காரு, காபி குடி."

காபி 'பை டூ' வந்தது. அதாவது ஒரு காபியை இரண்டு தம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தருவார்கள். இந்த ஊரில் கோடீஸ்வரர்களும் அப்படித்தான் குடிக்கிறார்களாம். எங்கள் ஊரில் அப்படிக் கொடுத்தால் மிச்சப் பாதி எங்கே என்று கேட்பார்கள். நான் கேட்டேன். தேவகி தன் பாதியையும் என் தம்ளரில் ஊற்றினாள்.

முனையைப் பார்க்கப் போனோம். சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தது. காலி பெயின்ட் வாளிகளில் துளசியும் செம்பருத்தியும். தரையில் மாக்கோலம். நடுவே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தவள். நாற்காலி யோசனை அவளுடையது.

"குப்பை வெறும் ஜுரம்தான் டீச்சர். தெருவுல ஆளே இல்லாம போனதுதான் நோவு. ஆளு குந்திக்கினு இருக்கற எடத்துல எவனும் பை போட மாட்டான். வெக்கமா இருக்கும்."

முதலில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் செலவில் வாசலுக்கு வெளியே ஒரு பல்பு மாட்டினார்கள். பிறகு நாற்காலிகள் வந்தன. காலை ஐந்தரையிலிருந்து எட்டு, சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பதரை, முறை போட்டு உட்காருவார்கள். குடிகாரர்களின் படிகளில் கேரம் போர்டைப் போட்டார்கள். பிள்ளைகளை அங்கேயே உட்காரவைத்து வீட்டுப்பாடம் எழுதச் சொன்னார்கள். பெருக்கல் வாய்ப்பாடு நடக்கிற இடத்தில் குடிக்கக் கூச்சமாக இருக்கிறது என்று குடிகாரர்கள் போய்விட்டார்கள். எங்கே போனார்கள் என்று கேட்டேன். அடுத்த சந்துக்காம். அந்தச் சந்துக்காரர்கள் இப்போது நாற்காலி வாங்குகிறார்களாம்.

இன்னொரு நாற்காலியில் தங்க பிரேம் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் கன்னட பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவர் எந்த வீடு என்று கேட்டேன். எந்த வீடும் இல்லை, வளையல் மொத்த வியாபாரி, பை போட்டு மாட்டியவர் என்றாள் தேவகி. மாட்டியவர்கள் ஒரு நாள் காலை வந்து காவல் இருக்க வேண்டும் என்பது தெருவின் சட்டம். இவர் மூன்று வாரமாகத் தினமும் வருகிறார். வீட்டில் இந்த அமைதி கிடையாதாம்.

சனிக்கிழமை நானும் நாற்காலியில் உட்கார்ந்தேன். கைப்பிடியில் பை தொங்க ஒரு ஸ்கூட்டர் வந்தது. எங்களைப் பார்த்ததும் வேகம் குறைந்தது. பின்னால் இருந்த பெண் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். "இங்கயும் உக்காந்துட்டாங்க, ஆபீஸ் பக்கமே கொண்டு போங்க" என்றாளாம். ஸ்டெல்லா தமிழில் சொல்லிவிட்டு அவர்களைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ஆனாலும் எட்டு மணிக்கு நாங்கள் எழுந்து போன பிறகு ஒரு பை விழுந்திருந்தது. தேவகி கையுறை மாட்டிக்கொண்டு ஒரு பழைய மெத்தை உறையை விரித்து அதில் கொட்டினாள். டீத்தூள், காகிதக் கோப்பைகள், உள்ளே ஒரு கூரியர் உறை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற பாத்திரக் கடையின் விலாசம். "ஆய்த்து" என்றாள். ஆயிற்று என்பதுதான். இங்கே தமிழர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

பிறகு நடந்ததை நான் கல்யாண வீடுகளில்தான் பார்த்திருக்கிறேன். தேவகி நல்ல புடவைக்கு மாறினாள். எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் குங்குமம் வைத்தாள். மெத்தைக் கடை நசீர் பாய் குப்பைப் பையைக் கையில் எடுத்துக்கொண்டார். அறுபது வயதுக்காரர், சந்தில் கடைசியாக மிச்சமிருக்கும் மெத்தைக்காரர். மூன்று பேராவது போக வேண்டும் என்று சட்டம் இருப்பதால் நானும் போனேன். கடையில் வாடிக்கையாளர்கள் நிறைய இருந்தார்கள். தேவகி தட்டை நீட்டிக் கன்னடத்தில் சொன்னாள். அதன் தமிழ் இது: "உங்க வீட்டுச் சாமானை எங்க தெருவுல மறந்து வெச்சிட்டு வந்துட்டீங்க. பத்திரமா கொண்டாந்திருக்கோம். வாங்கிக்குங்க."

திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். வெற்றிலை பாக்கை நீட்டினால் என்ன செய்ய முடியும்? கடைக்காரர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தண்ணீர் சாப்பிடுங்கள் என்றார். தேவகி மறுத்துவிட்டாள். குப்பை கொண்டு போன இடத்தில் உள்ளே போகக் கூடாது, கை நனைக்கக் கூடாது, சொந்தக் கதை பேசக் கூடாது. இதுவும் சட்டம். செவ்வாய்க்கிழமை காலை அவருடைய முறை என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அன்று சாயங்காலம் விளக்கு வைத்ததும் என் கடமையை ஆரம்பித்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து, ஏன் பிடிவாதம் பிடிக்கிறாய், அவன் பயப்படுவது நியாயம்தானே என்று கேட்டேன்.

"பயம் நியாயம்தான்க்கா. எனக்கு மட்டும் இல்லையா? அன்னிக்கு அவன் போனைப் புடுங்கனப்ப நான் கத்தனேன். யாரும் வரல. வர மனசில்லாம இல்ல, தெருவுல ஆளே இல்ல. பிரபு வீட்ல ஒரு மாசம் இருந்தேன். லிப்டுல ஏறுனா எல்லாரும் போனைப் பாக்கறாங்க. அங்க கத்துனா மட்டும் யாரு வருவா? இங்க இப்ப கத்துனா வருவாங்க. காட்டட்டா?"

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள், தொண்டை கிழிய, "ஐயோ!" என்று ஒரு கத்து கத்தினாள்.

கதவுகள் திறந்தன. நசீர் பாய் பஞ்சு அடிக்கும் கழியோடு ஓடி வந்தார். ஸ்டெல்லா கையில் சாதம் பிசைந்தது பிசைந்தபடி. கேரம் ஆடியவர்கள் நாலு பேர். வளையல் வியாபாரிகூட எங்கிருந்தோ வந்தார். முப்பது வருடப் பழக்கம், எண்ணிவிட்டேன். பதினொரு பேர். "ஒண்ணுமில்ல, அக்காவுக்குக் காட்டனேன்" என்றாள் தேவகி. "அரே, சொல்லிட்டுக் கத்தக் கூடாதா?" என்று நசீர் பாய் மூச்சு வாங்கினார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. போகும்போது ஸ்டெல்லா என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முப்பதாம் நாள். புது இடத்தில் எனக்குத் தூக்கம் வராது. ஐந்தே காலுக்கே முனைக்குப் போய்விட்டேன். நாற்காலிகள் காலியாக இருந்தன. கோலத்தின் நடுவே ஒரு பச்சைப் பை உட்கார்ந்திருந்தது. பல்பு வெளிச்சத்தில் அதன் மேல் சிவப்பு மார்க்கரில் எழுதியிருந்தது தெளிவாகத் தெரிந்தது. சி 904.

பிரபு ஹெப்பகோடியிலிருந்து விடியுமுன் கிளம்பி, காவல் தொடங்கும் நேரம் தெரிந்து, அதற்கு முன்னால் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். முப்பத்தைந்து வயசு, பெரிய சம்பளம். பையில் யாருடையது என்று தெரியும்படி ஒரு காகிதமும் வைத்திருக்க மாட்டான், அந்த அளவுக்குக் கெட்டிக்காரன். ஆனால் கட்டின கையோடு நம்பரை எழுதியிருக்கிறான். எழுதியது அவனுக்கே தெரிந்திருக்காது.

தேவகி கையுறையோடு வருவது தெரிந்தது. அந்த நேரத்தில் நான் செய்ததற்கு எனக்கு இன்றும் வெட்கம். "நீ உட்கார், நான் கொட்டறேன்" என்று சொல்லி, எண் என் பக்கம் இருக்கும்படி பையைத் தூக்கி உறையின் மேல் கவிழ்த்தேன். காலிப் பையை எண் உள்ளே போகும்படி நாலாக மடித்து நாற்காலிக்கு அடியில் செருகினேன். நான் வந்த காரியம் தானாகவே முடிகிறது, நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிட் அடிக்கிற பிள்ளைகளும் இப்படித்தான் சொல்வார்கள்.

தேவகி மண்டியிட்டுக் கிளறினாள். முருங்கைக்காய்ச் சக்கை, முட்டை ஓடு, காபித்தூள். நசீர் பாயும் ஸ்டெல்லாவும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒரு பில் இல்லை, ஒரு உறை இல்லை. ஒரு வாழை இலை மட்டும் சுருண்டு கிடந்தது, ஓரத்தில் புளியோதரைப் பருக்கைகளோடு. அந்தக் குப்பையில் என் பங்கும் இருந்தது.

பக்கத்துத் தெருக்களில் விசாரித்தார்கள். டீக்கடையில் கேட்டார்கள். விடியலில் ஒரு கார் வந்து போனது என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. பதினோரு மணிக்குத் தேவகி கையுறையைக் கழற்றினாள். "சரி, ஆய்த்து. சொன்ன வாக்கு சொன்னதுதான்" என்று வீட்டுக்குள் போனாள். பின்னாலேயே போனேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து புடவைகளை அடுக்கினாள். வாசலுக்கு வந்திருந்த ஸ்டெல்லாவிடம், "என் வாசல் பல்பை நீ போட்டுடு ஸ்டெல்லா. சுவிட்சு கொஞ்சம் மக்கர் பண்ணும், ரெண்டு தடவ தட்டணும்" என்றாள். ஸ்டெல்லா தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முப்பது வருடத்தில் ஒரு பிட்டைக்கூடப் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டதில்லை. தாசில்தார் மகனையே எழுப்பி வெளியே அனுப்பியவள் நான். திரும்பி முனைக்குப் போய் மடித்த பையை எடுத்துக்கொண்டு வந்து, பெட்டியில் புடவைகளுக்கு மேலே பிரித்து வைத்தேன்.

தேவகி எண்ணைப் பார்த்தாள். "ஒம்பதுக்கு வாலை இப்படித்தான் மடக்குவான். ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து சொல்லிக்கினு இருக்கேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீ காலையிலயே பாத்துட்டியா?"

"பார்த்துட்டேன்."

"இப்பவாவது எடுத்தாந்தியே." அவ்வளவுதான். நான் எதிர்பார்த்த திட்டு வரவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "வெத்தல இருக்கா பாரு ஸ்டெல்லா. பாய், குப்பையை அள்ளுங்க. ஹெப்பகோடிக்குப் போவணும்."

ஸ்டெல்லாவுக்கு அன்று ஆஸ்பத்திரியில் மத்தியான டியூட்டி, ஐந்து மணியோடு முடியும். முடிந்ததும் சந்துக்கு வந்து, நாங்கள் போன் செய்த பிறகுதான் விளக்கைப் போட வேண்டும் என்று ஏற்பாடு. பட்டுப் புடவையில் தேவகி, கையில் தாம்பூலத் தட்டு. வெள்ளை ஜிப்பாவில் நசீர் பாய், கையில் குப்பைப் பை. நடுவில் அம்பயர். சாப்பிட்டுக் கிளம்பும்போது மணி ஒன்றரை.

முதலில் மெட்ரோவுக்குப் போனோம். பை ஸ்கேனர் வழியாகப் போய்த் திரையில் தெரிந்தது. முருங்கைச் சக்கை எக்ஸ்ரேயில் எலும்பு போலத்தான் இருக்கிறது. காவல் பெண் நிறுத்திவிட்டாள். தேவகி உண்மையைச் சொன்னாள். இது குப்பை, போட்டவரிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறோம். அந்தப் பெண் யோசித்துவிட்டு, நல்ல காரியம்தான், ஆனால் நாற்றம் வருகிறது, இதோடு உள்ளே விட முடியாது என்றாள். எங்கள் தெருவிலும் ஒரு மூலை இருக்கிறது என்று சொல்லித் தேவகியின் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

ஆட்டோக்காரர்கள் மூன்று பேர் தட்டைப் பார்த்து நிறுத்தினார்கள், பையை மோந்து பார்த்துக் கிளம்பினார்கள். கடைசியில் பஸ். இங்கேயும் பெண்களுக்கு இலவசம், ஆனால் இந்த மாநிலத்து அடையாள அட்டை வேண்டும். ஆகவே தேவகிக்கு இலவசம். எனக்கு டிக்கெட், பாய்க்கு டிக்கெட், குப்பைக்கு லக்கேஜ் டிக்கெட். கண்டக்டர் பையைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவைத்தார். கடைசி வரிசை எங்களுக்கே எங்களுக்கென்று கிடைத்தது.

அடுகோடி தாண்டி சில்க் போர்டு என்கிற நாற்சந்தியில் பஸ் நின்றது. எங்கள் ஊரில் நின்ற பஸ் என்றால் பிரேக்டவுன் என்று பொருள், இறங்கித் தள்ளலாம். இங்கே பஸ் நன்றாகத்தான் இருந்தது. மூன்றரைக்கு நின்றது நாலேகால் ஆகியும் அதே விளம்பரப் பலகையின் எதிரே நின்றது. வெற்றிலை வாடத் தொடங்கியது. நசீர் பாய் தண்ணீர் பாட்டிலிலிருந்து அதன் மேல் தெளித்துக்கொண்டே வந்தார். தேவகி இருட்டுகிறதா என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன் வரிசையில் ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, பெண் பார்க்கப் போகிறீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். பையன் வீட்டுக்கு என்றாள் தேவகி.

வழியில் இன்னும் இரண்டு இடத்தில் அப்படியே நின்று, இறங்கி வேகவேகமாக நடந்து, குடியிருப்பின் கேட்டை அடையும்போது மணி ஐந்து ஐம்பது. காவலாளி போனில் எங்களைப் பதிய வேண்டும் என்றார். எதற்கு வந்திருக்கிறீர்கள்? அவருடைய போனில் நான்கே காரணங்கள் இருந்தன. விருந்தினர், வீட்டு வேலை, டாக்ஸி, டெலிவரி. தட்டைப் பார்த்தார், பையைப் பார்த்தார். விருந்தினரா என்று கேட்டார்.

"இல்ல. டெலிவரி" என்றாள் தேவகி.

பிரபு மேலே இருந்தபடி அனுமதி கொடுத்துவிட்டான். கதவைத் திறந்தவன் கையை நீட்டிக்கொண்டே திறந்தான், பார்சல் வாங்குகிற மாதிரி. அந்தக் கை நீட்டினபடியே நின்றது. தேவகி அதில் தட்டை வைத்தாள்.

"உங்க வீட்டுச் சாமானை எங்க தெருவுல மறந்து வெச்சிட்டு வந்துட்டீங்க. பத்திரமா கொண்டாந்திருக்கோம். வாங்கிக்குங்க."

பெற்ற பிள்ளைக்கு 'ங்க' போட்டு அவள் பேசி நான் கேட்டதில்லை. அவன் முகம் வெளுத்துவிட்டது. நசீர் பாய் பையைப் பணிவாக அவன் காலடியில் வைத்தார். அதில் சிவப்பு எண்ணைப் பார்த்ததும், "காகிதம் எல்லாம் எடுத்துட்டேனே..." என்றான். பிறகு குரல் உடைந்துவிட்டது. "நீ ஜெயிச்சிடுவேன்னு பயமா இருந்துச்சும்மா. போன தடவை கையோட போச்சு. இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா, இங்கருந்து நான் வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆகும். கத்தினா யாரும்மா வருவா?"

குப்பை கொண்டு போன இடத்தில் தேவகி சொந்தக் கதை பேசக் கூடாது. ஆனால் அந்தச் சட்டம் எனக்கு இல்லை. நான் அம்பயர்.

"நேத்து கத்திப் பார்த்தாடா. நான் எண்ணினேன். பதினோரு பேர் வந்தாங்க. ஒருத்தர் கையில கழி. ஒருத்தி சாதம் பிசைஞ்ச கையைக்கூடக் கழுவலை."

அவன் நசீர் பாயைப் பார்த்தான். பாய் தரையைப் பார்த்துக்கொண்டு, "கழி என்னுதுதான்" என்றார்.

"உள்ள வாம்மா. தண்ணியாவது குடி" என்றான் பிரபு. தேவகி கும்பிட்டுவிட்டு லிப்டுக்கு நடந்தாள். நாங்களும் நடந்தோம். லிப்ட் கதவு மூடிக்கொள்ளும்வரை அவன் தட்டோடு அங்கேயே நின்றான். நாங்கள் கீழே இறங்கியதும் பாய் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தார். "குடுத்தாச்சு. லைட்டைப் போடு." அந்தப் பக்கத்தில் யாரோ கை தட்டுவது கேட்டது. சுவிட்சை இரண்டு தடவை தட்டச் சொல்லும்படி தேவகி ஞாபகப்படுத்தினாள்.

பிறகு தோட்டத்துக் குழாயடியில் போய்க் கையை முழங்கைவரை கழுவினாள். முகம் கழுவினாள், முந்தானையால் துடைத்துக்கொண்டாள். திரும்பக் காவலாளியிடம் வந்து நின்றாள். அவர் குழம்பிப்போய், இப்போது எதற்கு என்று கேட்டார்.

"இப்போ விருந்தாளி" என்றாள்.

இரண்டாம் முறை மணி அடித்ததும் கதவு உடனே திறந்தது. அவன் அழுதிருந்தான். "இன்னாடா சமைச்சி வெச்சிருக்க? மத்தியானத்துல இருந்து பஸ்சுலயே குந்திக்கினு வந்திருக்கோம், பாய்க்குப் பசிக்குது" என்று சொல்லிக்கொண்டே தேவகி அவனைத் தாண்டி உள்ளே போனாள். அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள் என்று கேட்டிருந்தான். சேர்த்துவிட்டேன்.

மாவு இருந்தது. பிரபு தோசை வார்த்தான். பாய்க்கு நாலு, தேவகிக்கு மூன்று. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் அடுப்பை விட்டு நகரவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் சொன்னாள்:

"செவ்வாக்கிழம உன் முறை. காத்தால அஞ்சரைக்கு."

"அன்னிக்கு ஆபீஸ் இருக்கும்மா."

"எட்டு மணிக்கு முடிஞ்சிடும். பாத்திரக் கடைக்காரரும் அன்னிக்குத்தான் வர்றாரு. ரெண்டு நாற்காலி இருக்கு. அந்த நேரத்துல குளுரும், ஸ்வெட்டர் போட்டுக்கினு வா."